அபேட்சகரைத் தேடி

எங்கள் தெருவில் ஒரு கல்லூரிப் பெண். 1937-இல் நடந்த சென்னை மாகாணத் தேர்தலைப் பற்றி ஆய்வு செய்கிறாள். "வேட்பாளர்னு கூகுள்ல போட்டா, போன தேர்தல்ல நின்னவங்களாவே வர்றாங்க மாமா" என்று அலுத்துக்கொண்டாள்.

வராமல் என்ன செய்யும்? அந்தக் காலப் பத்திரிகைகளில் வேட்பாளர் ஏது? 'அபேட்சகர்' என்றுதான் எழுதுவார்கள். கூட்டத் தலைவர் 'அக்கிராசனர்'. அவர் செய்வது 'பிரசங்கம்'. தேடுபொறி பெரும்பாலும் நாம் கொடுக்கும் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

அபேட்சகர் என்று போட்டாள், கூடவே 1937. இரண்டு சொல் பிரியாமல் வரவேண்டுமா, மேற்கோள் குறிக்குள் அடைத்துவிடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால், இடைவெளி விடாமல், ஒரு கழித்தல் குறி. எழுத்தாளர் கல்கியைத் தேடும்போது குறுக்கே வரும் சினிமாவை இப்படித்தான் விரட்டுகிறேன்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு 2004-இல் வந்த கூகுள் ஸ்காலர் இருக்கிறது. ஆனால் பழைய தமிழ்ப் புத்தகங்கள் பல, ஸ்கேன் செய்த வெறும் படங்களாகக் கிடக்கின்றன. உள்ளே இருக்கும் எழுத்து தேடுபொறியின் கண்ணில் படுவதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்துக்கோ, இலங்கை நூல் என்றால் 'நூலகம்' தளத்துக்கோ நேரே போய், தலைப்பை வைத்துத் தேடவேண்டும். அப்புறம் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்.

நேற்று வாசலில் மறித்தாள். "மாமா, வாக்காளருக்கு அப்போ என்ன பேரு?"

"வோட்டர்னும் எழுதுவாங்கம்மா. அதையும் போட்டுப் பாரு."