நின்ற ரத்தம் மறுநாள் ஏன் கசிகிறது?

(தாய்-சேய் நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் குழந்தைகள் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)





பிறந்த பிள்ளைக்குத் தொப்புள் கொடி காய்ந்து விழும்போது ஓரிரு சொட்டு ரத்தம் படுவது வழக்கம்தான். ஆனால் சில பிள்ளைகளுக்கு அது நிற்பதில்லை. துணியை மாற்ற மாற்ற நனையும். வேறு சில பிள்ளைகளுக்குக் கத்னா செய்த அன்று ரத்தம் நன்றாக நின்றிருக்கும். மறுநாள் பார்த்தால் கட்டு நனைந்திருக்கும். "செய்தவர் கை சரியில்லை" என்று பேசிக்கொள்வோம். எப்போதும் கை மீது குற்றமில்லை. சில சமயம் குறை ரத்தத்திலேயே இருக்கலாம்.

ரத்தம் எப்படி உறைகிறது? காயம் பட்டதும் திராம்பின் என்ற நொதி உண்டாகிறது. அது ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை வெட்டி, ஃபைப்ரின் என்ற இழைகளாக மாற்றுகிறது. இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலைபோல் காயத்தை மூடுகின்றன. ரத்தம் நின்றுவிடுகிறது.

ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. மீன் வலை பின்னுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நூல் மேல் நூலைப் போட்டால் மட்டும் வலை ஆகிவிடுமா? முடிச்சுப் போட வேண்டும். அந்த முடிச்சைப் போடுவது ஃபேக்டர் 13 என்ற இன்னொரு நொதி. திராம்பினும் கால்சியமும் சேர்ந்து அதை எழுப்பிவிடுகின்றன. அது ஓர் இழையில் உள்ள குளூட்டமினையும் பக்கத்து இழையில் உள்ள லைசினையும் பிரிக்க முடியாதபடி இணைத்துவிடுகிறது. இது மட்டுமல்ல, உறைந்த கட்டியைக் கரைக்க வரும் பிளாஸ்மினைத் தடுக்கும் ஒரு புரதத்தையும் அந்த வலையிலேயே சேர்த்துக் கட்டி வைக்கிறது.

ஃபேக்டர் 13 இல்லாத பிள்ளைக்கும் ரத்தம் உறையும். ஆனால் முடிச்சில்லாத அந்தக் கட்டி ஒரு நாள், ஒன்றரை நாளில் கரைந்து, மறுபடி ரத்தம் கசியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தம் உறைகிறதா என்று வழக்கமாகப் பார்க்கும் பி.டி., ஏ.பி.டி.டி. என்ற இரண்டு சோதனைகளும் கட்டி உண்டாகும் நேரத்தைத்தான் அளக்கின்றன. கட்டி நிலைக்கிறதா என்பதை அல்ல. ஆகவே இந்தக் குறை இருந்தாலும் ரிப்போர்ட் "நார்மல்" என்றே வரும். கட்டியை யூரியா கரைசலில் போட்டு, கரைகிறதா என்று பார்க்கும் சோதனை தனியாக இருக்கிறது. ஃபேக்டர் 13-இன் அளவை நேரடியாகவும் பார்க்கலாம். கேட்டால்தான் செய்வார்கள்.

இது மிக அரிதான நோய். சுமார் 20 லட்சம் பேரில் ஒருவருக்கு என்பது கணக்கு. ஆனால் சொந்தத்தில் கல்யாணம் செய்யும் சமூகங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. ஈரானின் சிஸ்தான் பலுசிஸ்தான் மாகாணத்தில் இந்த நோயாளிகள் அதிகம்; அங்கே உறவுக்குள் திருமணம் பரவலாக உண்டு. மாமன் மகள், மாமி மகன் என்று முடிக்கும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் வாப்பா, உம்மா இருவரிடமும் இந்தக் குறையின் மரபணு மறைந்திருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. ஹீமோஃபிலியா பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது. இது ஆண், பெண் இருபாலருக்கும் வரும். பெண்களுக்கு அடிக்கடி கருச்சிதைவு ஆகவும் இது காரணமாகலாம்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? இந்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படுகிறது. இதைத்தான் நாம் தடுக்க வேண்டும். தடுக்கவும் முடியும். ஏற்றிய ஃபேக்டர் 13 உடலில் பல நாள் தங்கும். அதனால் ஏறக்குறைய மாதம் ஒரு முறை அந்த மருந்தை ஏற்றினால் போதும். அது கிடைக்காத இடத்தில் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் கிரையோபிரெசிபிடேட் கொடுப்பார்கள்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, தொப்புளில் ரத்தம் நிற்காமல் கசிந்தால் மஞ்சளோ சாம்பலோ வைத்துக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரண்டு, கத்னாவுக்கு முன் மருத்துவரிடம் வீட்டு விவரங்களைச் சொல்லுங்கள். தொப்புளில் கசிவு இருந்ததா, மூத்த பிள்ளைக்கு இப்படி ஆனதா, குடும்பத்தில் யாராவது ரத்தம் நிற்காமல் மவுத்தானார்களா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். தள்ளிப்போடச் சொன்னால் தள்ளிப்போடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

மூன்று, ரிப்போர்ட் நார்மலாக இருந்தும் ரத்தம் திரும்பக் கசிந்தால், "ஃபேக்டர் 13 பார்த்தீர்களா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இந்த ஒரு கேள்வி ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கலாம். அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.