மணல் மேல் மரப்பாதை

சக்கர நாற்காலியில் இருப்பவர் கடலைக் கிட்டே போய்ப் பார்க்க முடியுமா? மணலில் சக்கரம் புதைந்துவிடுமே! அதற்காகவே சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று மரப்பாதை திறந்தார்கள். நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர், இருபுறமும் கைப்பிடி. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது, பிறகு சீரமைத்தார்கள்.

பார்வையற்றவருக்கும் மரம் துணை. பலகையில் கோல் தட்டும் ஓசை வேறு, மண்ணில் வேறு. பாதை விலகினால் காதே சொல்லிவிடும். நம் மதுரை வெயிலில் இரும்புக் கைப்பிடியைத் தொடவே முடியாது. மரம் அவ்வளவு சுடாது.

மதுரை திருநகருக்குப் பக்கத்திலேயே தென்கால் கண்மாய் இருக்கிறது. அதன் கரையிலும் இப்படியொரு பாதை வேண்டும். பலகை பெயர்ந்தால் அன்றைக்கே மாட்ட ஆளும் வேண்டும்.