தோளுக்குள் ஒரு கிழிசல்

என் மாணவன் ஒருவனின் தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். ஒரு நாள் கழியை ஓங்கி இழுத்தபோது தோளுக்குள் 'களுக்' கென்றது. அதன்பின் கையைத் தூக்கினாலே வலி. சுளுக்கு என்று எண்ணி, மூன்று மாதம் எண்ணெய் தேய்த்து உருவிப் பார்த்தார். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு மருத்துவமனையில் படம் எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது.

தோள்மூட்டின் குழி ஆழமற்றது. பானைக்குப் பிரிமனைபோல, அதன் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையம் கையெலும்பின் தலையை நழுவாமல் காக்கிறது. இடுப்பு மூட்டிலும் இத்தகைய வளையம் உண்டு. அது கிழிந்தால் உருவுவதால் ஒட்டாது. முரட்டுத்தனமாக இழுத்தால் தீங்கே நேரலாம்.

கிழிசல் என்றதும் கத்தி வைப்பார்களோ என்று அஞ்ச வேண்டாம். முதலில் தலைக்குமேல் கை தூக்கும் வேலையை நிறுத்தி ஓய்வு, வலி மாத்திரை. பின்னர் பல வாரங்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி. பலருக்கு இதுவே போதும். குணமாகாவிட்டாலோ, தோள் அடிக்கடி நழுவினாலோ, சிறு துளையிட்டுக் கிழிசலைச் சீர்செய்வார்கள். அதன்பின் சில வாரங்கள் கையைத் தொங்கலில் வைத்திருக்கவேண்டும். கனமான வேலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும்.

அந்தத் தந்தை இப்போது பயிற்சியால் தாமே சட்டை போட்டுக்கொள்கிறார். ஆனால் அடிபட்ட அன்றே அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொக்சோ உதவிக்குச் சான்று காட்டத் திண்டாடுகிறார். ஆகவே, வேலையில் அடிபட்டால் அன்றே நிர்வாகத்திடம் தெரிவித்துப் பதியச் செய்யுங்கள், மருத்துவரிடமும் செல்லுங்கள்.