கடையைப் பூட்டியவரின் கணக்கு



வியாபாரிகள் சங்க ஆண்டுவிழா என்றால் ஜெயித்த முதலாளிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் நொடித்துப்போன ஒரு கடைக்காரரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். செயலாளர் முகம் மாறுகிறது, கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இன்டிபெண்டன்ஸ் என்றொரு சின்ன ஊர். அந்த ஊர்க்காரர் ஹாரி ட்ரூமன். கல்லூரிப் பட்டம் இல்லை. பத்து வருஷம் விவசாயம், பிறகு முதல் உலகப்போரில் பீரங்கிப் படை. திரும்பி வந்து 1919இல், ராணுவ முகாமில் தன்னோடு கேன்டீன் நடத்திய எடி ஜேகப்சனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, பக்கத்துக் கான்சாஸ் சிட்டியில் சட்டை, டை, தொப்பிக் கடை போட்டார். முதல் வருஷம் நல்ல ஓட்டம். விலை உச்சத்தில் இருந்தபோது சரக்கை வாங்கி அடுக்கினார்கள். அங்கேதான் சறுக்கல். 1921இல் நாடெங்கும் விலை சரிந்தது. வாங்கிய விலைக்குக்கூட விற்க முடியவில்லை. 1922இல் கடையைப் பூட்டினார்கள்.

கூட்டாளி பின்னால் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் திறந்துவிட்ட வழி அது. ட்ரூமன் கொடுக்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். 1934இல் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதும் கடை பாக்கி முழுதாகத் தீரவில்லை. அந்தப் பாரம் எப்படி இருக்கும் என்று இந்த மண்டபத்தில் சிலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவரைப் புனிதராக்கவும் மாட்டேன். பெண்டர்காஸ்ட் என்ற நகரத்துப் பெரும்புள்ளியின் தயவில்தான் அரசியலுக்கு வந்தார். அந்தப் புள்ளி 1939இல் வரி ஏய்ப்புக்காகச் சிறை போனார். 'பெண்டர்காஸ்டின் செனட்டர்' என்று தலைநகரில் கேலி பேசினார்கள்.

கேலி எப்போது அடங்கியது தெரியுமா? இரண்டாம் உலகப்போரை ஒட்டி ராணுவ முகாம்கள் அவசர அவசரமாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். செலவு எவ்வளவானாலும் அரசு தந்துவிடும், அதற்கு மேல் லாபம் தனி என்று குத்தகை. அப்படி ஒப்பந்தம் கிடைத்தால் நம்மில் யார் சிக்கனம் பார்ப்போம்? வீண்செலவு என்று கடிதங்கள் வந்ததும், ட்ரூமன் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு முகாம் முகாமாகப் போனார். விலையுயர்ந்த தளவாடங்கள் மழையில் நனைந்து கிடந்தன. ஆட்கள் வேலையில்லாமல் நின்றார்கள். தேங்கிய சரக்கைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் தொலைத்த கண்ணுக்கு அதெல்லாம் தப்புமா?

1941 மார்ச்சில் அவர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. முதலில் ஒதுக்கிய பணம் வெறும் 15,000 டாலர். அந்தக் குழுவால் மிச்சமானது ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். 1944இல் துணை ஜனாதிபதி வேட்பாளராக அவரைத் தேர்ந்தெடுக்க அந்தப் பெயரும் கைகொடுத்தது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த வருஷ நகராட்சி வரவு செலவு அறிக்கையை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்கணக்கு பார்க்கிற அதே கண்ணோடு வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.