மருத்துவச்சியின் பையைச் சோதித்தவர்கள்

(மகளிர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்து, சமைத்து வைத்துவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்களில் எத்தனை பேருடைய அம்மா தோட்டத்து லயத்தில் பிறந்தவர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

பாதிக்கு மேல் கை தூக்கிவிட்டீர்கள். அந்த அம்மாவை முதலில் கையில் ஏந்தியது யார்? பெரும்பாலும் பக்கத்து லயத்து மருத்துவச்சிதான். என் பாட்டியும் அப்படி ஒருவர். விடிந்தால் பால்மரம், நள்ளிரவில் கதவு தட்டினால் பிரசவம். கூலி என்று கேட்டதில்லை. வெற்றிலை பாக்கோடு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி வைப்பார்கள். சில வீட்டில் ஒரு கோழி.

இன்று நான் வேறொரு நாட்டு மருத்துவச்சிகளைப் பற்றிப் பேசப் போகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்று ஒரு மாநிலம். பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பின மக்கள் நிறைந்த இடம். நம்மைப் போலவே முதலாளி நிலத்தில் குடியிருந்து பாடுபட்டவர்கள். வெள்ளைக்காரர் ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு இடம் கிடையாது. இருந்தாலும் பின்பக்கமாக ஒரு தனி வார்டு. 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வரும்வரை இதுதான் நிலைமை. அப்படியானால் பிரசவம்? கறுப்பின மருத்துவச்சிகள்தான் பார்த்தார்கள். கறுப்புத் தாய்க்கும் பார்த்தார்கள், ஏழை வெள்ளைக்காரத் தாய்க்கும் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் டாக்டர்கள் என்ன சொன்னார்கள்? 1915இல் சிகாகோவின் பேர்பெற்ற பிரசவ மருத்துவர் ஜோசப் டிலீ, மருத்துவச்சியைக் காட்டுமிராண்டிக் காலத்தின் மிச்சம் என்று எழுதினார். மருத்துவச்சி இருக்கும்வரை பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு மதிப்பு வராது என்பது அவர் வாதம். தாயின் உயிரைப் பற்றிப் பேசும்போதே தொழிலின் மதிப்பும் வருமானமும் கூடவே வந்துவிட்டன, கவனித்தீர்களா?

ஆனால் 1933இல் நியூயார்க் மருத்துவக் கழகம் அந்த நகரத்தில் நடந்த பிரசவ மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. மூன்றில் இரண்டு பங்கு மரணம் தவிர்த்திருக்கக் கூடியது என்றது. அதில் பெரும்பங்குப் பிழை டாக்டர்களுடையது. மருத்துவச்சி பார்த்த பிரசவங்கள் டாக்டர் பார்த்ததைவிட மோசமாக இல்லை. அறிக்கை வந்தது, ஆனால் பழி மட்டும் மருத்துவச்சியை விட்டு இறங்கவில்லை.

1921இல் ஷெப்பர்ட் டவ்னர் சட்டம் வந்த பிறகு, மாநிலச் சுகாதார இலாகாக்கள் மருத்துவச்சிகளைப் பதிவு செய்து பயிற்சி கொடுத்தன. இதில் நல்லதும் உண்டு, மறைக்கக் கூடாது. கையைத் தேய்த்துக் கழுவுவது, தொப்புள்கொடிக்குச் சுத்தமான கத்தரி, குழந்தையின் கண்ணுக்குச் சொட்டு மருந்து, பிறப்பைப் பதிவு செய்வது, இவையெல்லாம் உயிர் காத்தவை.

ஆனால் பயிற்சியோடு கண்காணிப்பும் வந்தது. மாதாமாதம் கூட்டத்துக்கு வர வேண்டும். நர்ஸ் பையைத் திறந்து சோதிப்பார். அனுமதித்த பொருளைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. பாட்டி சொல்லித் தந்த மூலிகை இருந்தால் குற்றம். வெள்ளை ஏப்ரன், வெள்ளைத் தொப்பி இல்லாவிட்டால் குற்றம். அனுமதிச் சீட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம். சோதனை செய்கிறவர் பெரும்பாலும் வெள்ளைக்காரர், பையை நீட்டுகிறவர் கறுப்பர். சுத்தத்தைத்தான் பார்த்தார்களா, அடக்கத்தைப் பார்த்தார்களா?

கிரீன் கவுண்டியில் மார்கரெட் சார்ல்ஸ் ஸ்மித் என்று ஒரு அம்மா இருந்தார். 1906இல் பிறந்தவர். காட்டு வேலையும் செய்தார், பிரசவமும் பார்த்தார். 1949இல் அனுமதிச் சீட்டு வாங்கினார். தம் வாழ்நாளில் 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கையில் ஏந்தினார். 1976இல் அலபாமா சட்டமன்றம், நர்ஸ் படிப்பு இல்லாத மருத்துவச்சிகள் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்றது. அவர் 1981 வரை தாக்குப்பிடித்தார். மொபைல் நகரத்து ஆனி லீ லோகனுக்கு 1984இல் ஒரு கடிதம் வந்தது. அனுமதி இனிக் கிடையாது. அரை நூற்றாண்டு உழைப்பு ஒரு கடிதத்தோடு முடிந்தது.

சரி, மருத்துவச்சிகளை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் எதை வைத்தார்கள்? இதுதான் முக்கியமான கேள்வி. இன்றும் அலபாமாவின் பல கிராமப்புறக் கவுண்டிகளில் பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியே இல்லை. 2021ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கக் கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறந்த தாய்மார்கள், வெள்ளையரில் 26.6, கறுப்பரில் 69.9. இதற்குக் காரணம் பல. ஆனால் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்த ஒரே கையை வெட்டிவிட்டு, வேறு கை கொடுக்கவில்லை என்பதும் உண்மை. 2017இல்தான், நர்ஸ் படிப்பு இல்லாவிட்டாலும் தேர்ச்சிச் சான்றிதழ் பெற்ற மருத்துவச்சிகளுக்கு அலபாமா மறுபடி சட்டப்படி வழிவிட்டது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

மலேசியா இந்த விஷயத்தில் வேறு வழியில் போனது. 2003இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வு ஒன்று மலேசியாவையும் இலங்கையையும் உதாரணமாகக் காட்டியது. அதன் முதன்மை ஆசிரியர் இந்திரா பத்மநாதன். இங்கே அரசாங்கம் கம்பத்துப் பீடான்களோடு சண்டை போடவில்லை. பயிற்சி பெற்ற அரசாங்க மருத்துவச்சியைக் கம்பத்துக்குள்ளேயே வீடு கொடுத்துக் குடியேற்றியது. பக்கத்தில் கிளினிக் கட்டியது. பழைய பீடானுக்கும் ஒரு மரியாதையான இடம் கொடுத்தது. மெல்ல மெல்லப் பிரசவம் படித்த கைக்கு மாறியது. தாய் மரணம் மளமளவென்று குறைந்தது. இது பாராட்ட வேண்டிய சாதனை.

ஆனால் அது கம்பத்துக்கு. தோட்டத்துக்கு? தோட்டம் தனியார் நிலம், அது நிர்வாகத்தின் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். நிர்வாகத்துக்கு மனமிருந்தால் நல்ல டிரசர், நல்ல மருந்து. இல்லையென்றால் லாரிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த இடைவெளியில் நின்றவர்கள் என் பாட்டியைப் போன்றவர்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க யாரும் வரவில்லை. ஆனால் ஒரு பிள்ளை தவறிவிட்டால், "படிக்காதவள் கையில் ஏன் கொடுத்தாய்?" என்று கேட்க எல்லாரும் வந்தார்கள்.

லயத்தில் பிறந்த பல பிள்ளைகளின் பிறப்பு பதிவாகவே இல்லை. அப்பாவுக்கு ஒருநாள் சம்பளம் போய்விடும், பாரம் நிரப்பத் தெரியாது, டவுன் தூரம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சிவப்பு அடையாள அட்டையோடும், அதுவும் இல்லாமலும் அலைந்தார்கள். 2011இல் அரசாங்கமே 'மைடஃப்தார்' என்ற பெயரில் ஆவணமில்லாத இந்தியர்களைத் தேடிப் பதிவு செய்ய வேண்டி வந்தது. அப்போதும் பழியைச் செத்துப்போன மருத்துவச்சி மேல் போட்டவர்கள் உண்டு. தோட்டத்துக்கு ஒரு பதிவு அதிகாரியை மாதம் ஒருமுறை அனுப்பியிருந்தால் போதுமே!

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலேயே பிள்ளை பெறுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடும். என் பாட்டியே கடைசிக் காலத்தில், "எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அனுப்பியவர்தான். கிளினிக் புத்தகத்தை வாங்குங்கள், ஒரு தவணையும் விடாதீர்கள். பிள்ளை பிறந்ததும் முதல் வேலையாகத் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள். திருமணத்தையும் பதிவு செய்யுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஏழைகளுக்குத் தொண்டு செய்கிற ஒருவரை அதிகாரமுள்ளவர்கள் குற்றவாளி என்று காட்டும்போது, உடனே தலையாட்டாதீர்கள். குற்றம் உண்மையா என்று கேளுங்கள். அதே அளவுகோலால் மற்றவர்களையும் அளந்தார்களா என்று கேளுங்கள். இவரை அகற்றினால் நமக்கு எதைத் தரப்போகிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை விடாதீர்கள்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், "உன்னைப் பிடித்த மருத்துவச்சி யார்?" என்று. பெயர் சொன்னால் எழுதி வையுங்கள். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.