மறந்த குரல்களுக்கு ஓர் இசைத்தட்டு

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நியூயோர்க்கில் றொசெற்றா றைட்ஸ் என்றொரு பெண்மணி வாழ்ந்தார். புத்தகக் கடை நடத்தியவர். ‘வில்லேஜ் வொய்ஸ்’ பத்திரிகையில் உணவுப் பத்தி எழுதியவர். ஜாஸ், புளூஸ் இசை வரலாறுகளில் பெண்களுக்கு உரிய இடம் இல்லாததைக் கண்டு, எழுத்தோடு அவர் நிற்கவில்லை. 1979இல், ஐம்பது வயது கடந்த பின், நண்பர்களிடம் 10,000 டொலர் கடன் வாங்கி, ‘றொசெற்றா றெக்கோட்ஸ்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். சேகரிப்பாளர்களிடமிருந்த பழைய தட்டுகளைத் தேடி எடுத்தார். பாடகிகளின் வரலாற்றை உறைக் குறிப்புகளில் தாமே எழுதினார்.

அவர் மீட்டவற்றுள் ஒன்று நமக்கு நெருக்கமானது. மிசிசிப்பியில் வறிய கறுப்பினப் பிள்ளைகளுக்கென இருந்த பைனி வூட்ஸ் பாடசாலை, 1937இல் நிதி திரட்டுவதற்காக மாணவிகளைக் கொண்டு ஒரு வாத்தியக் குழுவை அமைத்தது. ‘இன்ரநாஷனல் ஸ்வீற்ஹார்ட்ஸ் ஒவ் றிதம்’ எனப் புகழ்பெற்று, 1945இல் ஐரோப்பா வரை சென்று வாசித்த அக்குழு பின்னர் மறக்கப்பட்டது. 1984இல் றைட்ஸ் அவர்களின் இசையை மீண்டும் தட்டாக வெளியிட்டார்.

நமது மண்டபத்தில் பாடியவர்கள், வீணை வாசித்தவர்கள் எத்தனை பேர்! பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பாடச் சொல்லி இப்போதே ஒலிப்பதிவு செய்வோம். பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்போம். கடன் வாங்கவும் தேவையில்லை. கையிலுள்ள தொலைபேசியே போதும்.