பட்டணத்து விருந்தினருக்கு எதைக் காட்டுவது?

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தென்பாண்டிச் சீமையிலிருந்து வரும் நம் உறவின்முறையாரைச் சென்னையில் எங்கெங்கே அழைத்துச் செல்வது என்பது குறித்துச் சில வார்த்தைகள் சொல்லுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தனர். இஃது அற்ப விஷயமெனச் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், ஊரிலிருந்து வரும் சிறுபிள்ளை நம்மிடம் நான்கு நாள் தங்கி எதைக் கண்டு திரும்புகின்றதோ, அதுவே அதன் நெஞ்சில் பட்டணமாக நிற்கும். இப்பொழுது அது காண்பதென்ன? மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவும், தாயார் சேலை தெரிந்தெடுக்குமட்டும் தான் உட்கார்ந்திருந்த கடைப்படியுமேயாம். கடை நடத்தும் அங்கத்தினர் எம்மீது முனிய வேண்டா. துணி வாங்கட்டும், அதற்கு ஒரு முற்பகல் போதுமென்பதே எம் கட்சி.

தியாகராய நகரிலேயே காணத்தக்கன உள. 1920-களில் பெரியதோர் ஏரியைத் தூர்த்து உண்டாக்கப்பட்ட நகர் அது. நீதிக் கட்சித் தலைவர் ஸர் பி. தியாகராய செட்டியாரின் பெயர் தாங்கியது. பனகல் பூங்காவும் அக்கட்சியின் முதன்மந்திரியாயிருந்த பனகல் அரசரை நினைவூட்டுவதே. பாண்டி பஜார் என்று நாம் வாய்க்கு வந்தபடி வழங்குவது நம் பட்டிவீரன்பட்டி ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனாரின் பெயரால் அமைந்த அங்காடி. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாட்டிற்குத் தலைமை வகித்தவர் அவர். 2019-ல் அங்கே நடைபாதையை அகலமாக்கி ஆசனங்களும் இட்டிருக்கின்றனர். மாலையில் முதியோர் உட்கார்ந்து இளைப்பாறலாம். உட்காரும்போது அவர் யாரென்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிஷம் செல்லுமா?

அங்கிருந்து திருமலைப் பிள்ளை வீதி தூரமன்று. காமராஜர் வசித்து, 1975 அக்டோபர் 2-ந் தேதி உயிர் நீத்த வீடு, இன்று நினைவகமாக அங்கே இருக்கின்றது. 1954 முதல் 1963 வரை முதன்மந்திரியாயிருந்தவர் வாடகைக்குக் குடியிருந்த வீடு அது. நம் இல்லங்களில் அவர் படத்திற்கு மாலை குறைவதில்லை. வீட்டைப் பார்த்தவரோ சிலரே.

இனி மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயிலைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிப்பீர்களாக. பழைய கோயில் கடற்கரையில் இருந்தது; போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தபின் இப்பொழுதுள்ள இடத்தில் எழுப்பப்பட்டது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் உற்சவம். விருந்தினர் எம்மாதத்தில் வரலாமென்று கேட்டால் பங்குனி என்றே எழுதுங்கள். நாயன்மார் அறுபத்துமூவரும் பல்லக்குகளில் மாட வீதிகளைச் சுற்றி வருவர். அன்று வழியெங்கும் நீர்மோரும் அன்னமும் வழங்குவர். கையில் காசின்றி வந்தவனும் பசியோடு திரும்பான். ஈழக்குலச் சான்றோர் எனப் பெரியபுராணம் கூறும் ஏனாதிநாதரைத் தேடிக் காட்டுவது நம்மவர் வழக்கம், நல்லதே. ஆனால் அதே வரிசையில் புலையர் குலத்துத் திருநாளைப்போவாரும், பாணரும், வண்ணாரும், வேடரும் வருகின்றனரே, அவர்களையும் காட்டுவோமா?

இதை வேண்டுமென்றே கேட்கின்றோம். 1897-ல் கமுதிக் கோயிலுள் நம் முன்னோர் நுழைந்ததற்காக வழக்குத் தொடரப்பட்டு, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-ல் நமக்கு எதிராகவே முடிந்தது. அவ்வழக்கில் நம்மவர் பாண்டியர் வழியினரென வாதித்தனரேயன்றி, எல்லாருக்கும் கதவு திறக்கட்டும் என்று வாதித்தாரல்லர். 1939 ஜூலை 8-ந் தேதி மதுரையில் வைத்தியநாதையர் மீனாட்சியம்மன் கோயிலுள் அழைத்துச் சென்றபோது, ஆதிதிராவிடர் ஐவரும் நம் வகுப்பினர் ஒருவரும் சேர்ந்தே நுழைந்தனர். 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. தனியே கேட்டபோது கிடையாதது, சேர்ந்து நடந்தபோது கிடைத்தது. தெப்பக்குளப் படியில் நின்று பேரப்பிள்ளைக்கு ஏனாதிநாதரை மட்டும் காட்டும் பாட்டனார், இக்கதையில் பாதியையே சொல்பவராவார்.

மயிலையில் சாந்தோம் தேவாலயமும் காணத்தக்கது. தோமையார் கல்லறைமேல் எழுந்ததென வழங்கும் அக்கோயிலின் இப்போதைய கட்டடம் 1896-ல் அமைந்தது. செருப்பைக் கழற்றி அமைதியாக உட்கார்ந்து வரலாம். எவரும் குலம் கோத்திரம் கேட்பதில்லை.

அடையாறு பிள்ளைகளுக்கு உகந்த இடம். 1882-ல் பிரம்மஞான சபையார் அங்கே வந்து தங்கினர். அவர்கள் தோட்டத்துப் பேராலமரத்தின் தாய்மரம் 1989-ல் புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகளோ வேரூன்றி இன்றும் நிழல் தருகின்றன. பார்வை நேரம் குறுகியதாகலின் முன்னரே விசாரித்துப் போவது நலம். கிண்டியில் மான் பார்க்கலாம்; பக்கத்திலேயே காந்தி மண்டபமும் காமராஜர் நினைவிடமும் உள.

கடைசியாக எலியட்ஸ் கடற்கரை. அங்குள்ள வெண்ணிற வளைவு, கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் புகுந்து 1930-ல் தாமே மூழ்கி மாண்ட ஷ்மிட் என்னும் டென்மார்க்குக்காரரின் நினைவுச் சின்னம். ஊர்க் கண்மாயில் நீந்திப் பழகிய பிள்ளைகள் கடலையும் கண்மாயென்றே எண்ணிப் பாய்வர். முதலில் அச்சின்னத்தைக் காட்டுங்கள். பிறகு சுண்டல் வாங்கிக் கொடுத்து மணலிலேயே உட்கார வையுங்கள்.